யெஸ் சார் என்று ஒரு வார்த்தை

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலைக்கு நான் சேர்ந்தது 2009-ல். என்ன வேலை என்று தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தரும் பையருக்கும் நம்ம ஊர் நிட்டிங், டையிங், கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கமும் இங்கே நடப்பதை அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால்வாசி மெயில், மீதி போன். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், ஆனால் கிராமர் ஓரளவு வரும், ஸ்பெல்லிங் தப்பாது. அதனால் என் இங்கிலீஷில் பெரிய கோளாறு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மூன்று வருடத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட எதற்கும் கிராமர் காரணமே இல்லை என்பதுதான் வேடிக்கை. இலக்கணம் சுத்தமாக இருந்த வாக்கியங்கள்தான் என்னைக் கவிழ்த்தன.

முதலில் அந்த யெஸ் சார் கதை.

இங்கிலாந்து பையர் ஒருவருக்கு ஆண்கள் டீ-ஷர்ட், 14,000 பீஸ். துணி காம்பாக்டிங்கில் (பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்திக் கொடுக்கும் இடத்தில்) இருக்கிறது, கட்டிங்குக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன மெயில்: யூ ஹேவன்ட் ஸ்டார்ட்டட் கட்டிங், ஹேவ் யூ? நான் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன். இன்னும் கட்டிங் ஆரம்பிக்கவில்லைதானே என்று கேட்கிறார், ஆமாம், ஆரம்பிக்கவில்லை. யெஸ் சார் என்று தட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

அவர் அதை, யெஸ், ஆரம்பித்துவிட்டோம் என்று படித்தார். இங்கிலீஷில் அப்படித்தான் படிப்பார்கள். நம் ஆமாம் கேள்வியோடு ஒத்துப்போகிறது: நீ நினைப்பது சரிதான் என்று அர்த்தம். அவர்களுடைய யெஸ் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கிறது. வேலை நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் சரி. ஜப்பான்காரர்களுக்கும் இதே குழப்பம் வரும் என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவர் கேட்டதற்குக் காரணம், உடம்பு நீளத்தை 2 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும் என்று அவர்கள் டிசைன் டீம் கடைசி நேரத்தில் சொல்லியிருக்கிறது. வெட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் தன் மேலாளரிடம் போய், இனி மாற்ற முடியாது, பழைய அளவிலேயே வரட்டும் என்று சொல்லி சமாதானப்படுத்தி, திட்டும் வாங்கியிருக்கிறார். எங்களிடம் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு போனது, அளவெல்லாம் சரி, க்வாலிட்டி பாஸ். இரண்டு மாதம் கழித்து அவர் திருப்பூர் வந்தபோது, அன்றைக்கு மட்டும் நீங்கள் அவ்வளவு சீக்கிரம் வெட்டாமல் இருந்திருந்தால் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் மேனேஜர் ஃபைலை எடுத்துத் தேதியைப் பார்க்கிறார், அவர் மெயில் வந்து மூன்றாம் நாள்தான் கட்டிங்கே ஆரம்பித்திருக்கிறது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் போன பிறகு மேனேஜர், "ஏன் அம்மணி, நாட் ஸ்டார்ட்டட்னு ரெண்டு வார்த்தை சேத்தி அடிக்கறதுக்கு என்னங்கம்மணி?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து வெறும் யெஸ், நோ எழுதுவதை விட்டேன். வினையைச் சேர்த்து முழு வாக்கியமாகத்தான் பதில். கட்டிங் ஹேஸ் நாட் ஸ்டார்ட்டட், முடிந்தால் எப்போது ஆரம்பிக்கப் போகிறோம் என்பதும் பக்கத்திலேயே. போனில் எதிர்மறைக் கேள்வி வந்தாலும் அப்படியே. பத்து செகண்ட் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது 2011. அந்த வருடம் ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது திருப்பூரில் இருந்த யாருக்கும் மறக்காது. துணி கையில் இருக்கிறது, சாயம் போட இடமில்லை. வெளி மாநிலத்துக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். கலர் ஒத்து வராமல் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் ஆர்டர் ஒன்று ஐந்து வாரம் தள்ளிப்போகும் என்று தெரிந்துவிட்டது. பையருக்கு மெயில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன். நலமா என்று ஒரு பத்தி. நொய்யல் ஆறு பற்றி ஒரு பத்தி, நதியில் என்ன கலக்கிறது, கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகள். கோர்ட் என்ன சொன்னது என்று ஒரு பத்தி. சங்கங்கள் அரசிடம் பேசிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு பத்தி. கடைசிப் பத்தியின் கடைசி வரியில், ட்யூ டு த அபவ் சர்கம்ஸ்டன்சஸ் தேர் மே பி ஸ்லைட் டிலே இன் ஷிப்மென்ட், கைண்ட்லி கோஆபரேட். இதை எழுத இரண்டு மணி நேரம், அனுப்பிவிட்டு ஒரு டீ. பையர் பதில் போட்டார்: தகவலுக்கு நன்றி, கேட்கவே வருத்தமாக இருக்கிறது, சீக்கிரம் சரியாகட்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆள், கப்பல் எந்தத் தேதி என்று சாதாரணமாகக் கேட்கிறார். ஐந்து வாரம் என்றதும் போனிலேயே வெடித்துவிட்டார். முன்னாடியே சொன்னோமே என்றேன். எங்கே சொன்னாய் காட்டு என்றார். ஸ்லைட் என்ற வார்த்தையை எப்படிக் காட்டுவது?

இரண்டு தப்பு இருந்தது அதில். ஒன்று வரிசை. தமிழில் நாம் காரணத்தை முதலில் அடுக்குவோம், சாயப்பட்டறை மூடியதால், துணி வெளியூர் போனதால், கலர் ஒத்துவராததால், இப்படிப் போய்க் கடைசியில் வினைச்சொல்லில்தான் சங்கதியே இருக்கும். கேட்பவரும் கடைசிவரை பொறுமையாகக் காத்திருப்பார், ஏனென்றால் விஷயம் அங்கேதான் வரும் என்று அவருக்குத் தெரியும். இங்கிலீஷ் மெயில் படிப்பவர் அப்படிக் காத்திருப்பதில்லை. வாக்கியத்திலேயே வினை முன்னால் வந்துவிடும் மொழி அது, மெயிலிலும் முதல் இரண்டு வரியில் விஷயம் இல்லை என்றால், விஷயமே இல்லை போல என்று மேலோட்டமாக ஓட்டிவிடுவார்கள்.

இன்னொன்று மரியாதை. கெட்ட செய்தியை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று வளர்ந்திருக்கிறோம். ஸ்லைட், மே பி, கைண்ட்லி எல்லாம் அந்தக் கூச்சத்தில் வந்தவை. இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உள்ளதில்லை, விமானிகளுக்கே இருந்திருக்கிறது. 1990 ஜனவரி 25-ம் தேதி கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியான்கா 52 என்ற விமானம், கென்னடி விமான நிலையத்தில் இறங்க இடம் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடித்தது. துணை விமானிதான் ரேடியோவில் பேசினார். முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார், எமர்ஜென்சி என்ற வார்த்தையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையின் காதில் அந்த வார்த்தை விழுந்தால்தான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வழி விடுவார்கள். விமானம் லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்துபோனார்கள். அதை முதல்முறை படித்த அன்று எனக்கு என் ஸ்லைட் டிலேதான் ஞாபகம் வந்தது. நம் ஷிப்மென்ட்டில் யாரும் சாகப் போவதில்லை, சரி. ஆனால் அந்தத் துணை விமானி சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் அடியில் இருந்த கூச்சம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

இப்போது தாமதம் என்றால் முதல் வரியே இதுதான்: ஆர்டர் இந்தத் தேதிக்குப் பதில் இந்தத் தேதியில் போகும், ஐந்து வாரம் தாமதம். இரண்டாவது வரி, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்: புதுத் தேதியை ஏற்றுக்கொள்கிறீர்களா, இல்லை பாதியை விமானத்தில் அனுப்பச் சொல்கிறீர்களா, புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். காரணம் மூன்றாவது பத்தியில், வேண்டியவர் படித்துக்கொள்ளட்டும். முதல்முறை அப்படி எழுதியபோது ரொம்பத் திமிராகத் தெரிந்தது, மேனேஜரே ஒரு கைண்ட்லியாவது போடுங்க அம்மணி என்றார். பையர் தரப்பிலிருந்து வந்த பதிலில்தான் முதல்முறையாக, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்று இருந்தது. கோபமும் இருந்தது, ஆனால் அது கணக்குப் போட்டுப் பேசக்கூடிய கோபம்.

தேதியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். 04/05 என்றால் நமக்கும் இங்கிலாந்துக்கும் மே 4, அமெரிக்காவுக்கு ஏப்ரல் 5. அமெரிக்க பையர் எழுதியதை நான் மே என்று படித்ததில் சாம்பிள் ஒரு மாதம் லேட்டாகப் போனது, இன்னும் மாதிரி பார்க்கும் கட்டத்தில் இருந்த டெவலப்மென்ட் ஆர்டர் என்பதால் தப்பித்தேன். இப்போது மாதத்தை எழுத்தில்தான் எழுதுவேன், கூடவே கிழமையும். கிழமை எதற்கு என்றால், தேதியைத் தப்பாக அடித்தால் கிழமையோடு இடித்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஜெர்மன் பையர் என்றால் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், 2,350 என்று விலை போட்டிருந்தால் இரண்டாயிரம் என்று பயப்பட வேண்டாம், இரண்டு யூரோ 35 சென்ட்தான். லட்சக் கணக்கில் நாம் காற்புள்ளி போடும் இடமும் அவர்களுக்குப் புரியாது.

இதைவிட என்னைப் படுத்தியது நம் வினைச்சொற்கள். நிட்டிங்கில் கேட்டால், நாளைக்கு முடிச்சுரலாங்க என்பார்கள். முடிச்சுருவோம், முடிச்சுரலாம், முடிக்கப் பாக்கறோம், பாக்கலாம். தமிழ்க் காதுக்கு இந்த நான்கும் நான்கு விதமான உறுதி. முடிச்சுரலாம் என்றால் மனசு இருக்கிறது, நூல் வந்தால் நடக்கும். பாக்கலாம் என்றால் நடக்காது, முகத்துக்கு நேரே சொல்லவில்லை. திருப்பூரில் ஆறு மாதம் இருந்தாலே இது பிடிபட்டுவிடும். நான் என்ன செய்தேன் என்றால், நான்கையும் வில் பி கம்ப்ளீட்டட் டுமாரோ என்று ஒரே வார்ப்பில் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வில் என்றால் வாக்கு. ஒரு பையர் என்னை நேராகவே கேட்டார், நீ சொல்லும் டுமாரோவுக்கு எத்தனை நாள் என்று. யார் முடிப்பார் என்பதும் அந்த வாக்கியத்தில் இருக்காது. தமிழில் செஞ்சுரலாம் என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. வில் பி டன் என்று எழுதும்போது ஆள் காணாமல் போய்விடுவார், அப்புறம் யாரைத் துரத்துவது என்று எனக்கே தெரியாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி மொழி சம்பந்தப்பட்டதே இல்லை. எப்போது முடியும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது எத்தனை ரோல் இறங்கியிருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். 60 ரோலில் 38 முடிந்தது, ஒரு நாளைக்கு 11 ஓடுகிறது, மீதி வியாழன் சாயங்காலம் வரை ஆகும். இந்த எண்களை அப்படியே எழுதிவிடுவது, கூடவே நிட்டிங் யூனிட் ஓட்டுகிறது, எங்கள் ஸ்டோர் வாங்குகிறது என்று ஆளையும் போட்டுவிடுவது. வில் போட வேண்டிய அவசியமே முக்கால்வாசி போய்விட்டது.

தான் என்கிற இடைச்சொல் வேறு. வெள்ளிக்கிழமைதான் அனுப்புவோம் என்று மனசில் ஓடுகிறது, கை ஆன் ஃப்ரைடே ஒன்லி என்று அடிக்கிறது. நான் சொல்ல வந்தது வெள்ளிக்கு முன்னால் முடியாது என்பது. அவருக்குப் போய்ச் சேர்ந்தது, இந்தக் கம்பெனி வெள்ளிக்கிழமை மட்டும்தான் பார்சல் அனுப்பும் என்பது. உங்கள் ஊரில் மற்ற நாளில் கூரியர் எடுக்க மாட்டார்களா என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டிருந்தார். நாட் பிஃபோர் ஃப்ரைடே என்றால் முடிந்த விஷயம். டவுட்டும் இதே ஜாதி. மெஷர்மென்ட் சார்ட்டில் எனக்கு ஒரு டவுட் என்று நாம் சாதாரணமாக எழுதுவோம், அங்கே அது, உங்கள் சார்ட்டை நான் நம்பவில்லை என்று சந்தேகப்படுகிற மாதிரி போய்ச் சேரும். கொஸ்டின் என்று போட்டால் போதும். தேதியை முன்னால் நகர்த்துவதற்கு நாம் சொல்லும் பிரீபோன் என்ற வார்த்தையை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது என்று வம்புக்குச் சொல்லலாம், அமெரிக்க பையர் அகராதி பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்.

இப்படியே போனால் தப்பெல்லாம் நம் பக்கம் என்று ஆகிவிடும். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது, அதுவும் துணி விஷயத்தில். பனியன் ஊரில் இருந்துகொண்டு வெஸ்ட் என்ற வார்த்தையில் நான் மாட்டியதைச் சொல்கிறேன். இங்கிலாந்து ஆர்டரில் வெஸ்ட் என்றால் நம் கை இல்லாத பனியன். இரண்டு வருடம் அதையே பார்த்துப் பழகியவளுக்குப் புதிதாக ஓர் அமெரிக்க பையரின் விலை விசாரிப்பு, ஸ்கெட்ச் பின்னால் வரும், முதலில் வெஸ்ட்டுக்குத் தோராய விலை சொல்லுங்கள் என்று. ஒன் பை ஒன் ரிப்பில் (கோடு கோடாக, இழுத்தால் நீளும் துணியில்) பனியன் விலை போட்டுக் கொடுத்தேன். இந்த விலையில் எப்படிச் சாத்தியம் என்று ஆச்சரியமாகப் பதில் வந்தது, ஸ்கெட்ச்சைத் திறந்தால் ஜிப் வைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற, சட்டைக்கு மேல் போடுகிற ஐட்டம். பேன்ட்ஸ் என்றால் அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, இங்கிலாந்தில் ஜட்டி. ஜம்பர் இங்கிலாந்தில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் உள்ளே சட்டை போட்டு மேலே மாட்டும் கையில்லாத கவுன். சஸ்பெண்டர் என்றால் அமெரிக்காவில் ஆண்கள் பேன்ட்டைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை, இங்கிலாந்தில் பெண்கள் காலுறையைத் தாங்குவது. படம் இல்லாமல் விலை சொல்வதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவுதான்.

கான்ஃபரன்ஸ் காலில் ஒரு முறை, எம்பிராய்டரியைப் பற்றி அமெரிக்கப் பெண்மணி, லெட்ஸ் டேபிள் திஸ் என்றார். இங்கிலாந்துக்காரர்களிடம் பழகிய எனக்கு, இப்போது பேசுவோம் என்று அர்த்தம், நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அமெரிக்காவில் அதற்கு, ஒத்திவைப்போம் என்று பொருளாம். இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுத் தளபதிகளும் இதே வார்த்தையை வைத்து நீண்ட நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதாக சர்ச்சில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கே அப்படி என்றால் எனக்கென்ன.

இங்கிலாந்துக்காரர்களின் மென்மை இன்னொரு ரகம். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐ ஆம் எ லிட்டில் டிஸப்பாயின்டட் வித் த ஹேண்ட்ஃபீல் என்று எழுதினால், லிட்டில் என்பதை நம்பி அடுத்த லாட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடாது. அது ரிஜெக்ட். சந்தேகம் வந்தால் நான் நேராகக் கேட்டுவிடுகிறேன், இது ரிஜெக்டா, இல்லை இப்படியே போகலாமா என்று. மூன்று முறை அடிபட்ட பிறகு வந்த தைரியம். கேட்டால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

போனில் எண்கள்தான் ஆபத்து. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் நம் வாயில் ஒரே அழுத்தத்தில் வந்துவிடும். அட்டைப்பெட்டி எத்தனை என்று கேட்டதற்கு நான் சொன்ன ஃபிஃப்டி அங்கே ஃபிஃப்டீனாகப் போய்ச் சேர்ந்து, ஏஜென்ட் சின்ன வண்டியை அனுப்பிவிட்டார். இப்போது ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ என்று பிரித்துச் சொல்வேன், எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவும் கேட்பேன். விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்னதைத் திருப்பிச் சொல்வது இதற்காகத்தான். அப்புறம் போனை வைத்த கையோடு, இப்போது பேசியது இவ்வளவு என்று நான்கு வரி மெயில். ஓகே என்று பதில் வந்தால் மட்டும் கீழே வேலையை நகர்த்துவேன்.

இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள் இங்கிலீஷுக்குத் தடுமாறுவதில்லை. தமிழிலோ தங்கிலீஷிலோ தட்டினால் ஆப் நல்ல இங்கிலீஷாக ஆக்கிக் கொடுத்துவிடுகிறது. போன மாதம் ஒரு பெண் அப்படி அனுப்பக் காத்திருந்த மெயிலைப் பார்த்தேன், என் 2011 மெயிலைவிடப் பத்து மடங்கு அழகு. படித்து முடித்துவிட்டு, சரி கண்ணு, எத்தனை நாள் லேட்டாகும்னு இதுல எங்க இருக்கு என்று கேட்டேன். தேடினாள். மெலிதான கால மாற்றம் என்பது போல ஏதோ இருந்தது, எண் இல்லை. டையிங்குக்குப் போன் போட்டுக் கேட்டோம், ஒன்பது நாள். அதை முதல் வரியில் வைத்துவிட்டு மீதி அழகையெல்லாம் நானே அழித்தேன், அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பிபி சாம்பிளுக்கு, அதாவது மொத்தமாக வெட்டும் முன் பையர் பார்த்துச் சம்மதிக்க வேண்டிய மாதிரிக்கு, பதில் வரக் காத்திருந்த கட்டிங் மாஸ்டர் கதவருகில் வந்து நின்று, "பிபி சாம்பிளுக்கு இன்னும் அப்ரூவல் வரலைங்களா அம்மணி?" என்று கேட்டார். "ஆமாங்க மாஸ்டர்" என்றேன். தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.